அரிச்சல்முனைக் கடலும் அத்துவிதமும்: ‘நான்’ கரையணுமா, இருக்கணுமா?

சேதுக்கரையான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரத்தில் ஞாயிறு மாலை பத்துப் பேர் கூடி ஒன்றரை மணி நேரம் வாசிக்கிறோம். தாயுமானவர் சமாதி நம்ம ஊரிலேயே இருக்கிறதே என்று அவர் பாடல்களில்தான் ஆரம்பித்தோம். அதற்குள் கூட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது.

ஒரு கட்சி, எல்லாம் ஒன்றே, தனி உயிர் என்று நினைப்பதே மயக்கம் என்கிறது. தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் ஆண்கடல், பெண்கடல் என்று நாங்கள் சொல்லும் இரண்டு கடலும் கலந்த பிறகு இது எந்தக் கடல் தண்ணீர் என்று பிரிக்க முடியுமா, முக்தியும் அப்படித்தான் என்பது அவர்கள் வாதம். இன்னொரு கட்சி, அப்படியானால் கும்பிடுகிறவன் யார், ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடுவது யாருக்காக என்று மடக்குகிறது. கீழக்கரையிலிருந்து வரும் நண்பர் இதே வழக்கு சூஃபிகளிடமும் உண்டு என்கிறார். வைணவத் தலமான திருப்புல்லாணியின்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

தனித்தன்மையும் ஒருமையும் எந்த நூலில், எந்த இடத்தில் கறாராகப் பேசப்படுகின்றன? தினசரிப் பயிற்சியில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? எங்கே வழுக்குகிறது? பொதுவான அறிவுரை வேண்டாம், பாட்டு எண்ணோடு சொன்னால் புண்ணியம்.

மரகத மேடை

கடல் உவமையை முதலில் ஓரமாக வையுங்கள் அண்ணே. தண்ணீரும் தண்ணீரும் ஒரே சாதிப் பொருள். சேர்ந்தால் அளவு கூடும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஆணவம் என்ற மலத்தையே (உயிரை மறைக்கும் அழுக்கு) ஏற்காமல், உயிர் முக்தியில் சிவத்தோடு ஒன்றாகிப்போகும் என்று பேசும் கட்சிக்குச் சைவத்தில் ஐக்கியவாதம் என்று பெயர். சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணம் என்ற நூலில் அதை மறுத்தார். அந்த நூலின் காலம் சக ஆண்டு 1235, அதாவது 1313. உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு எழுநூறு வயது.

கறாரான இடம் என்றால் அவருடைய சிவப்பிரகாசம் 7ஆம் பாட்டு. அங்கே உமாபதி மூன்று உவமைகளைத் தள்ளுகிறார், மூன்றைக் கொள்கிறார். பொன்னும் நகையும் போல ஒரே பொருள் என்பது தள்ளுபடி. இருளும் வெளிச்சமும் போல ஒட்டவே ஒட்டாத இரண்டு என்பதும் தள்ளுபடி. சொல்லும் பொருளும் போல ஒரு பார்வைக்கு ஒன்று, ஒரு பார்வைக்கு இரண்டு என்கிற நழுவலும் தள்ளுபடி. பிறகு கொள்வது: உடலும் உயிரும் போலக் கலப்பால் ஒன்று, கண்ணும் சூரியனும் போலப் பொருள் தன்மையால் வேறு, உயிரின் அறிவும் கண்ணின் ஒளியும் போலச் செயலில் உடன். ஒன்றாய், வேறாய், உடனாய். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால்தான் அத்துவிதம். உங்கள் முதல் கட்சி ‘ஒன்றாய்’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது, இரண்டாவது ‘வேறாய்’ என்பதை மட்டும். ‘உடனாய்’ அனாதையாகக் கிடக்கிறது. பயிற்சிக்கு உதவுவது அதுதான்.

இதையே குறளாக வேண்டுமென்றால் அவருடைய திருவருட்பயன் 75:

ஒன்றாலும் ஒன்றாது இரண்டாலும் ஓசைஎழாது
என்றால்ஒன்று அன்றுஇரண்டும் இல்.

ஒன்றேயானால் கூடுவது என்கிற பேச்சே இல்லை. இரண்டேயானாலும் கூடல் நடக்காது. ஆக ஒன்றும் அல்ல, இரண்டும் அல்ல.

அடுத்து, கரைய வேண்டியது எது? உயிர் வேறு, ஆணவம் வேறு. உயிருக்கு அறிவு, இச்சை, செயல் மூன்றும் சொந்தம். ஆணவம் அதன் மேல் ஏறிய அழுக்கு. திருக்குறள் 346 ‘யான் எனது என்னும் செருக்கு’ அறுப்பதைத்தான் சொல்கிறது, அறுபடுவது செருக்கு. இந்த இரண்டையும் குழப்பினால், உயிரின் அறிவையும் செயலையும் அடக்குவதே சாதனை என்று ஆள் முடங்கிப்போவான். சங்கற்ப நிராகரணம் பாடாணவாதம் என்று இன்னொரு கட்சியையும் வரிசையில் நிறுத்துகிறது: முக்தியில் உயிர் கல்லாகக் கிடக்கும் என்கிற கட்சி. தியானத்தில் உட்கார்ந்து மந்தமாகிவிட்டு ‘ஒன்றாகிவிட்டேன்’ என்பவர்கள் தெரியாமலே இந்தக் கட்சியில் உறுப்பினர். சைவ சித்தாந்தம் அந்த மந்தத்தைக் கேவல நிலையோடு (ஆணவ இருளில் உயிர் அறிவு விளங்காமல் கிடக்கும் நிலை) சேர்க்கும், முக்தியோடு சேர்க்காது. சோதனை எளிது: எழுந்த பிறகு கவனம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? முன்பு சட்டென்று பதில் சொன்னவர் இப்போது மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறார் என்றால், உட்காரும் நேரத்தைக் குறையுங்கள், பாராயணத்தைக் கூட்டுங்கள்.

பயிற்சிக்கான சூத்திரம் மெய்கண்டாரின் சிவஞானபோதம் 10:

அவனே தானே ஆகிய அந்நெறி
ஏகன் ஆகி இறைபணி நிற்க
மலம்மாயை தன்னொடு வல்வினை இன்றே.

இரண்டாம் அடியை உற்றுப் பாருங்கள். ‘ஏகன் ஆகி’ என்றதும் முற்றுப்புள்ளி வைக்கவில்லை, அதே மூச்சில் ‘இறைபணி நிற்க’ வருகிறது. ஒருமை உணர்வில், பணி உடம்பில். பணி செய்ய ஆள் வேண்டும். 12ஆம் சூத்திரம் இன்னும் வெளிப்படை: மலம் கழுவியவர் அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழுவார். நூல் முடிகிற இடத்திலும் கோயிலும் கூட்டமும் இருக்கின்றன. தீர்த்தம் ஆடுவது யாருக்காக என்று கேட்டவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அக்னிதீர்த்தம்

மரகத மேடை ஐயா சொன்னது சித்தாந்தத்துக்குச் சரி. சங்கரர் வழியைக் கடல் உவமையோடு சேர்த்து மூட்டை கட்டுவதை மட்டும் ஏற்க முடியாது. கேவல அத்துவைதத்தில் ‘கலப்பது’ என்கிற நிகழ்ச்சியே கிடையாது. என்றைக்கோ பிரிந்தது இன்றைக்குச் சேர்ந்தால்தானே கலப்பு? பிரிவு என்பதே அறியாமையில் தோன்றியது. ஆகவே ஐக்கியவாதத்தின் மீது விழுகிற அடி இங்கே விழாது.

இந்த வழியில் தனித்தன்மைக்கு இடம் விவகார தளம், அதாவது அன்றாட உலக நடப்பு. பசி, கடன், குடும்பம், குரு, சீடன், சாத்திரம் எல்லாம் அங்கே முழு மரியாதையோடு உண்டு. பாரமார்த்திகத்தில் (இறுதி உண்மைத் தளத்தில்) இரண்டாவது பொருள் இல்லை. ஞானிக்கும் உடம்பு விழும்வரை பிராரப்தம் (பயன் தரத் தொடங்கிவிட்ட பழைய வினை) ஓடும். தவறு நடப்பது ஒரே வாக்கியத்தில் இரண்டு தளத்திலும் கால் வைக்கும்போது. ‘எல்லாம் பிரம்மம், அதனால் கடனைத் திருப்ப வேண்டியதில்லை’ என்றால் முன்பாதி பாரமார்த்திகம், பின்பாதி சட்டைப்பை. கொடுத்தவனும் பிரம்மம், நோட்டும் பிரம்மம் என்றால் அந்த நோட்டு ஏன் உன் பையில் மட்டும் இருக்க வேண்டும்? வட்டத்தில் யாராவது ‘அதனால்’ என்று இழுத்தால் அந்த இடத்தில் நிறுத்தி, இது எந்தத் தளம் என்று கேளுங்கள். பாதி வாதம் அங்கேயே படுத்துவிடும்.

ரமணர் இதைத் தமிழில் கட்டளையாகவே எழுதிவைத்தார். உள்ளது நாற்பது அனுபந்தம், 39:

அத்துவிதம் என்றும் அகத்துறுக ஓர்போதும்
அத்துவிதம் செய்கையில் ஆற்றற்க...

உள்ளே எப்போதும், செய்கையில் ஒருபோதும் இல்லை. தொடர்ந்து, மூவுலகத்தோடும் அத்துவிதம் ஆகலாம், குருவோடு மட்டும் ஆகாது என்கிறார். அந்த ஒரு விதிவிலக்கு ஏன் என்று ஒரு வாரம் முழுக்கப் பேசலாம்.

வரிசையும் முக்கியம். விவேகம், வைராக்கியம், சமம் தமம் (மன அடக்கம், புலனடக்கம்) முதலிய ஆறு, முமுட்சுத்துவம் (முக்தி வேட்கை) ஆகிய நான்கும் தகுதிகள். அதன் மேல் சிரவணம் (கேட்டல்), மனனம் (சிந்தித்தல்), நிதித்தியாசனம் (ஆழ்ந்து ஊன்றி நிற்றல்). சிரவணத்தை வீடியோவில் முடித்துவிட்டு மனனத்தைத் தாண்டி நேரே ‘நானே பிரம்மம்’ என்று உட்காருகிறார்கள். மனனம் என்பது சந்தேகத்தை வாதாடித் தீர்ப்பது. அது நடக்காத இடத்தில் வாக்கியம் வெறும் முழக்கம். தமிழ் அத்துவைத நூலான கைவல்ய நவநீதம் இரண்டாம் படலத்துக்குச் ‘சந்தேகம் தெளிதல்’ என்றே பெயர் வைத்திருக்கிறது.

கீழக்கரை மரைக்கான்

சேதுக்கரையான் அண்ணே, உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். சூஃபி வழக்கில் ஃபனா, பகா என்று இரண்டு சொல்வார்கள். ஃபனா தன்னை இழப்பது, பகா அவனைக் கொண்டு நிலைப்பது. 910இல் இறந்த பக்தாத் ஜுனைதின் வழி நிதான வழி: ஃபனாவில் நின்றுவிடாமல் தெளிவுக்குத் திரும்பி வர வேண்டும். ‘அனல் ஹக்’ (நானே உண்மை) என்று சொன்ன ஹல்லாஜுக்கு 922இல் மரண தண்டனை ஆனது. அவரை வலி (இறைநேசர்) என்று கொண்டாடுபவர்களிலும் பலர் அந்த வார்த்தையை மயக்க நிலையில் வெளிப்பட்டது என்றே கொள்கிறார்கள், மற்றவர் பின்பற்றும் பாடமாகக் கொள்வதில்லை.

கொள்கை அளவில் இரண்டு பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். இப்னு அரபி (1165–1240) வழியில் வந்தது வஹ்தத்துல் உஜூத்: உண்மையான இருப்பு ஒன்றே. அஹ்மது சிர்ஹிந்தி (1564–1624) சொன்னது வஹ்தத்துஷ் ஷுஹூத்: ஒருமை காட்சியில்தான், இருப்பில் அல்ல. சூரியன் எழுந்ததும் நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, இல்லாமல் போகவில்லை என்பது அவர் தரும் விளக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் உஜூதை ‘அடியானும் ஆண்டவனும் ஒன்று’ என்று மொட்டையாகச் சொல்லிவிடுவார், உலமா (மார்க்க அறிஞர்கள்) அதை ஏற்க மாட்டார்கள். சொல்லவும் கூடாது.

உங்கள் கேள்விக்கு நேராக நிற்கும் இடம் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸ் குத்ஸி, அதாவது இறைவன் வாக்காக நபி சொன்னது. அடியான் கடமையான வணக்கங்களாலும், பிறகு உபரியான வணக்கங்களாலும் நெருங்கி வருகிறான். நான் அவனை நேசித்துவிட்டால் அவன் கேட்கும் செவியாக, பார்க்கும் கண்ணாக, பிடிக்கும் கையாக, நடக்கும் காலாக ஆகிவிடுகிறேன் என்கிறான் இறைவன். பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரி: அவன் என்னிடம் கேட்டால் கொடுப்பேன், அடைக்கலம் தேடினால் காப்பேன். இவ்வளவு நெருக்கத்துக்குப் பிறகும் கேட்கிறவன் ஒருவன் இருக்கிறான், கொடுக்கிறவன் ஒருவன் இருக்கிறான். நடைமுறை விளக்கம் இதிலேயே அடங்கியிருக்கிறது: ஐவேளைத் தொழுகை எந்த நிலையிலும் கழன்று போகாது. ‘எனக்கு அது தேவையில்லாத படிக்கு வந்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வழி தவறிய இடம் அதுதான்.

நம்ம மாவட்டத்துப் பாட்டு வேண்டுமென்றால் தொண்டி பக்கத்துக் குணங்குடியில் பிறந்த மஸ்தான் சாகிபு. கீழக்கரையில் ஓதியவர், கடைசிக் காலம் சென்னை ராயபுரத்தில். தாயுமானவரைப் போலவே அவருக்கும் ஒரு பராபரக்கண்ணி உண்டு. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள், கட்சி தானாகக் கலையும்.

தர்ப்பசயனம்

சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் சார்பில் நாலு வரி.

ராமானுசர் வழியான விசிட்டாத்துவைதத்தில் இந்தப் பூசலே எழாது. உயிர் அவனுக்குச் சரீரம், அவன் அதற்கு ஆத்மா. பிரிக்க முடியாது, ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. உயிரின் தனித்தன்மை என்பதே அவனுக்குச் சேஷமாக (அவனுக்கே உரியதாக) இருப்பதுதான். திருப்புல்லாணிக் கடற்கரைக் கதையைப் பாருங்கள்: விபீடணன் சரணடைந்தான், கிடைத்தது இலங்கை அரசு. தன் பெயரோடும் பொறுப்போடும் திரும்பிப் போனான். சரணாகதி ஆளைத் துடைத்துவிடுவதில்லை.

‘நானே அவன்’ என்கிற குரல் எங்களிடமும் உண்டு. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 5.6, ‘கடல்ஞாலம் செய்தேனும் யானே என்னும்’. இதைப் பெண்பிள்ளை சொன்னதாகத் தாய் சொல்கிறாள், தன்மை வாக்காக அமையவில்லை. பூர்வாசாரியர்கள் இதைக் கோபியர் கண்ணனாக நடித்ததைப் போன்ற அநுகாரம் (பாவனை), ஈடுபாட்டின் முற்றல் என்று உரை செய்தார்கள். அனுபவம் பொய் இல்லை, அதைக் கொள்கையாக எழுதிவைக்கக் கூடாது, அவ்வளவே. திருமங்கையாழ்வாரின் புல்லாணிப் பதிகங்கள் இரண்டும் (பெரிய திருமொழி 9.3, 9.4) முழுக்கப் பிரிவாற்றாமை. பிரிவை உணர ஆள் வேண்டுமே!

சேதுக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. அக்னிதீர்த்தம் ஐயா சொன்ன ‘அதனால்’ விதியை அடுத்த வாரமே அமல்படுத்துகிறோம். ஒரு நடைமுறைச் சிக்கல். ஒருவர் எதைக் கேட்டாலும் ‘நான் கர்த்தா (செய்பவன்) இல்லை’ என்கிறார். நாற்காலி எடுத்துப் போடச் சொன்னாலும் அதே பதில். தாயுமானவரின் ‘சும்மா இரு’ என்பதை ஆதாரம் காட்டுகிறார். ஆறு வாரத்துக்கு ஒரு பாடத்திட்டமும் யாராவது போட்டுக் கொடுத்தால் நல்லது.

பாம்பன் வாத்தியார்

முதலில் நாற்காலிக்காரர். தாயுமானவரின் தேசோமயானந்தம் என்ற பதிகத்தில் அவருக்குப் பதில் இருக்கிறது. மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், தண்ணீர் மேல் நடக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது’ என்று முடிக்கிறார். புலி வாயைக் கட்டுவதைவிடக் கடினமான வேலை அது. கையைக் கட்டி உட்காருவது அல்ல. பராபரக்கண்ணியில் இன்னும் நேராக: ‘சினமிறக்கக் கற்றாலும் சித்தியெல்லாம் பெற்றாலும் மனமிறக்கக் கல்லார்க்கு வாயேன் பராபரமே’. இறக்க வேண்டியது மனம். கர்த்தா இல்லை என்பவர் பாராட்டு வந்தாலும் ‘நான் இல்லை’ என்கிறாரா என்று பாருங்கள். வேலைக்கு மட்டும் இல்லை, புகழுக்கு உண்டு என்றால் விஷயம் விளங்கிவிட்டது.

ஆறு வாரம். பத்துப் பேர், 90 நிமிடம் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: 15 நிமிடம் பாட்டைச் சத்தமாக மூன்று முறை, வெவ்வேறு ஆள் படிக்க. 20 நிமிடம் பதம் பிரித்துப் பொருள். 30 நிமிடம் வாதம். 20 நிமிடம் மௌனமாக உட்காருதல். மிச்சம் அறிவிப்பு, டீ. வாதத்துக்கு அரை மணிக்கு மேல் போகவே கூடாது. அதற்கு மேல் புதுக் கருத்து வராது, குரல்தான் ஏறும்.

முதல் இரண்டு வாரமும் திருவருட்பயன். மொத்தம் நூறு குறள், அதிகாரத்துக்குப் பத்து. உயிரவைநிலை, இருள்மலநிலை இரண்டையும் முதல் வாரம் படியுங்கள், இன்புறுநிலையை இரண்டாம் வாரம். பதிமுதுநிலையில் தொடங்குவதுதான் மரபு. உங்கள் சண்டை உயிரைப் பற்றியது என்பதால் நான் வரிசை மாற்றுகிறேன், மரபுக்காரர்கள் மன்னிக்க. மூன்றாம் வாரம் மேலே சொன்ன சிவப்பிரகாசம் 7, சிவஞானபோதம் 10, 12. இந்த வாரம் கனமாக இருக்கும், உரை இல்லாமல் தொடாதீர்கள். நான்காம் வாரம் கைவல்ய நவநீதம், இரண்டாம் படலத்தில் தேர்ந்த பாடல்கள், கூடவே ரமணரின் 39. ஐந்தாம் வாரம் மரைக்கான் பாய் சொன்ன ஹதீஸும் குணங்குடியாரும், தர்ப்பசயனம் சொன்ன 5.6உம். அன்றைக்கு அந்தந்த மரபுக்காரர்தான் விளக்க வேண்டும். மற்றவர்கள் ‘எங்களிடமும் இதேதான்’ என்று குறுக்கிடத் தடை. எல்லாம் ஒன்றே என்று சொல்லி மற்றவர் நூலின் தனித்தன்மையை அழிப்பதும் இந்த நோயின் ஒரு வகை.

ஆறாம் வாரம் மாணிக்கவாசகரின் திருவாசகம், கோயில் திருப்பதிகம் முழுவதும். பத்தே பாட்டு. ஏழாம் பாட்டில் ‘சென்றுசென்று அணுவாய்த் தேய்ந்துதேய்ந்து ஒன்றாம்’ என்று ஆளே காணாமல் போகிறார். பத்தாம் பாட்டில் ‘தந்தது உன்தன்னைக் கொண்டது என்தன்னைச் சங்கரா யார்கொலோ சதுரர்’ என்று வியாபாரக் கணக்குப் பார்க்கிறார்! தேய்ந்து முடிந்த பிறகும் யார் கெட்டிக்காரர் என்று கேட்க வாய் இருக்கிறது. இரண்டு பாட்டையும் இரண்டு கட்சிக்காரர்களும் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும்: ‘ஒன்று’ கட்சி பத்தாவதை, ‘இரண்டு’ கட்சி ஏழாவதை.

மௌனத்துக்கு வெட்டவெளிக் கடற்கரை வேண்டாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் கண்ணில் விழும், யாரும் இரண்டு நிமிடம் உட்கார மாட்டார்கள். திண்ணையோ மண்டபமோ போதும்.

மரகத மேடை

வாத்தியார் ஐயாவின் 20 நிமிட மௌனத்துக்கு ஒரு சேர்க்கை. சும்மா உட்காரச் சொன்னால் புதியவர்கள் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் போனை நினைப்பார்கள். சிவஞானபோதம் 9ஆம் சூத்திரம் அஞ்செழுத்தை ‘விதி எண்ணும்’ என்கிறது. தீட்சை பெற்றவர் தம் குரு சொன்னபடி செய்யட்டும். மற்றவர்கள் எழுத்துகளின் இடத்தை நினைத்தாலே போதும்.

சிவயநம என்பதில் சி சிவம், வ அருள், ய உயிர், ந மறைப்பு, ம மலம். ய எங்கே நிற்கிறது பாருங்கள். இடப்பக்கம் சிவமும் அருளும், வலப்பக்கம் மறைப்பும் மலமும், நட்டநடுவில் உயிர். திருவருட்பயன் 83 இதைத்தான் சொல்கிறது: ‘ஊன நடனம் ஒருபால் ஒருபாலா ஞானநடம் தான்நடுவே நாடு’. எழுத்தில் ய அழியவில்லை, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே கேள்வி. முதல் பத்து நிமிடம் மெதுவாக உதடு அசையச் சொல்லலாம், அடுத்த பத்து நிமிடம் மனத்துக்குள். மூச்சோடு கட்டி இழுக்க வேண்டாம், நெஞ்சு இறுகித் தலை கனக்கும். மணி எண்ணுவதும் இந்தக் கூட்டத்துக்கு ஆகாது, யார் 108ஐ முதலில் முடித்தார் என்று போட்டி வந்துவிடும், அது ந, ம பக்கம்.

மாணிக்கவாசகர் உத்தரகோசமங்கையில் பாடிய நீத்தல் விண்ணப்பம் ஐம்பது பாட்டையும் திட்டத்தில் விட்டுவிட்டீர்களே ஐயா. பாட்டுக்குப் பாட்டு ‘என்னை விட்டுவிடாதே’ என்கிற கெஞ்சல், அதுவும் நம்ம மண்ணிலிருந்து. ஏழாம் வாரம் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

பாம்பன் வாத்தியார்

சேர்த்தாச்சு. ஐம்பதும் ஒரே நாளில் வேண்டாம், கூடுதலாக இன்னொரு ஞாயிறு எடுத்துக்கொண்டு இருபத்தைந்து இருபத்தைந்தாகப் பிரியுங்கள். நாற்காலிக்காரரையே படிக்கச் சொல்லுங்கள்.